பத்து நிமிடம் வெளியே

மருத்துவமனையில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'வெளியே போங்க'. என் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனால் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, "வெளியே போங்க வர்றாங்க, வழி விடுங்கப்பா" என்று யாராவது சொல்லி யாராவது சிரிப்பது காதில் விழும். விழாததுபோல் இருந்துகொள்வேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

நான் நோயாளி ஒருங்கிணைப்பாளர். கதவில் அப்படித்தான் போட்டிருக்கிறது. படுக்கையில் இருப்பவருக்கும் டாக்டருக்கும், டாக்டருக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும், கம்பெனிக்கும் வீட்டாருக்கும் நடுவில் ஓடுகிறவள். எந்தப் பரிசோதனை என்றைக்கு, அனுமதி வந்ததா, வீட்டுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், ஏற வேண்டிய படிகள் எத்தனை, கழிவறை எந்தப் பக்கம் என்பதுவரை கேட்டு எழுதுவது என் வேலை. எழுதுவதற்கு ஒரு படிவம் உண்டு. நான் போட்ட படிவம். தாளின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் 'நோயாளி சொன்னது'. வலது பக்கம் 'குடும்பம் சொன்னது'. இடது பக்கம் நிரம்பாமல் வலது பக்கத்தைத் தொடக்கூடாது. அதை நிரப்பும்போது உறவுக்காரர்கள் ஒருவரும் அறையில் இருக்கக்கூடாது. நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் அதை வீட்டாருக்குக் காட்டக்கூடாது.

அதனால் முதல் நாளே எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிடுவேன். "ஒரு பத்து நிமிஷம் வெளியே போங்க."

கோபப்படுவார்கள். ஒரு கணவர், "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க" என்று நாற்காலியை விட்டு எழவே இல்லை. எழுப்பினேன். அவர் போனதும் அந்த அம்மாள், "முதல்ல கதவைச் சாத்துங்க" என்றார். "நாப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் ஒருத்தர் என் வாயைப் பாத்துக் கேள்வி கேக்குறீங்க." இன்னொருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அப்பா ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார் என்று மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். தனியாகக் கேட்டபோது அவர் சொன்னது இது: "பயமெல்லாம் இல்லம்மா. மயக்கம் தெளியும்போது பக்கத்துல யாரு இருப்பாங்கன்னு யாருமே சொல்லல. அது தெரிஞ்சா நாளைக்கே பண்ணிக்கிறேன்."

இதைக் கேட்டு வாங்கத்தான் ஒரு ஆள் வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தபோது நினைத்துக்கொண்டே இருந்தேன். ஊசி போடவும் சொட்டு மருந்து மாற்றவும்தான் கைக்கு நேரம் இருந்தது. வாய்க்கு நேரமே இல்லை. அதை வீட்டில் வந்து புலம்பிய ஒருநாள் அக்கா கேட்டாள். "கேக்குறதுக்குன்னே ஒரு வேலை இருக்கா?"

"இருக்கு. அதுக்குத் தனியாப் படிக்கணும். இந்த வயசுல எவ படிப்பா?"

"நீதான். நாளைக்குப் போய் விண்ணப்பம் வாங்கிட்டு வா. சும்மா மூக்கைச் சிந்தாத."

எனக்கு அவள், அவளுக்கு நான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இருவருக்கும் வேறு நாதி கிடையாது. அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிப் பள்ளியின் வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இருபத்தெட்டு வருடம் அந்தப் பிரேக்கின் மேல் காலை வைத்து உட்கார்ந்திருந்ததால், எந்த வண்டியில் ஏறினாலும் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பேருந்தில்கூட அழுத்துவாள். "டிரைவர் பாவம்க்கா, விடு" என்று நான் சிரிப்பேன். அந்தப் பள்ளி வண்டியில்தான் நான் படித்த இரண்டு வருடமும் என்னை வகுப்புக்குக் கொண்டுவிட்டாள். காலை முதல் மாணவர் வரும் நேரத்துக்கு முன்னால் போய்த் திரும்ப வேண்டும். வழியெல்லாம் என்னிடம் பாடத்திலிருந்து கேள்வி கேட்பாள். தேர்வு முடிவு வந்த அன்று, "இனிமே நீ கேளு, ஊரு பதில் சொல்லட்டும்" என்றாள்.

அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது அது ஈரல்வரை போய்விட்டிருந்தது. முதல் மருந்து கேட்கவில்லை. இரண்டாவது மருந்து பாதியிலேயே கைவிரித்தது. மஞ்சளேறிய கண்களோடு அவளை என் மருத்துவமனையிலேயே சேர்த்தேன்.

சொந்தக்காரர்களின் கோப்பை நாமே பார்க்கக்கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி. அதையும் நான்தான் எழுதினேன். விதி எழுதுவதென்றால் எனக்குத் தனி ஆசை. அதனால் அக்காவின் கோப்பு என்னோடு வேலை பார்க்கும் குசுகுசுவிடம் போனது. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆனால் தீப்பிடித்தாலும் ரகசியம் சொல்வதுபோல்தான் பேசுவான். நான் வைத்த பெயர்தான் குசுகுசு. நேரில் தம்பி என்பேன்.

இரண்டாம் நாள் காலை அவன் படிவத்தோடு அறைக்கு வந்தான். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் குடியேறியிருந்தேன். மடியில் மடிக்கணினி, காதில் போன்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம்..." என்று கதவைக் கண்ணால் காட்டினான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரை? என்னையா?"

"படிவம் எழுதணும் மேடம்."

"எழுதுங்க தம்பி. நான் இருந்தா என்ன? என் அக்காவைப் பத்தி எனக்குத் தெரியாதா? அவளுக்கு என்ன வேணும்னு அவளுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். எல்லா மருந்தையும் பாத்துடணும். அவ்வளவுதான். என்னக்கா?"

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ம்ம்" என்றாள்.

அவன் அவள் பக்கம் குனிந்து ஏதோ கேட்டான். அவள் ஏதோ சொன்னாள். அந்த நேரம் போனில் கம்பெனிக்காரி பேச ஆரம்பித்திருந்தாள். நான் மறு காதைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பெரிய டாக்டர் குசுகுசுவோடு வந்து கட்டிலில் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் என்ன பொருள் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"மூணாவதா ஒரு மருந்து இருக்கு" என்றார். "கேட்டா சில வாரம் கூடலாம். கேக்காமலும் போகலாம். உடம்பைப் படுத்தும். இங்கயேதான் இருக்க வேண்டி வரும். இன்னொரு வழி, வலிக்கு மட்டும் மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்புறது. நர்ஸ் வீட்டுக்கே வந்து பாப்பாங்க. ரெண்டும் வழிதான். ரெண்டுமே தப்பில்லை." அக்காவைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். திறந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

"மருந்துதான் டாக்டர்" என்றேன். "என் அக்கா போராடுவா. அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. அனுமதி வாங்குறது என் பொறுப்பு."

போர்வைக்குள் அக்காவின் வலது கால் ஒருமுறை முன்னால் அழுந்தியது. பழக்கம் இன்னும் போகவில்லை பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மருந்துக்கு அனுமதி தர முடியாது என்றது கம்பெனி. ஆதாரம் போதவில்லையாம். என்னிடமா? பதினொரு நாள் நான் அவர்களை உண்டு இல்லை என்று பண்ணினேன். மேல்முறையீடு எழுதினேன். அதற்குப் பதில் வந்ததும் அதற்கு மேல் எழுதினேன். பெரிய டாக்டரை அவர்களுடைய டாக்டரோடு போனில் மோதவிட்டேன். கட்டுரைகளைத் தேடி, வரிகளுக்கு அடியில் கோடு போட்டு அனுப்பினேன். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேதான் இவ்வளவும் செய்தேன். ஆனால் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நடு நடுவே அவள் ஏதாவது கேட்பாள்.

"இந்நேரம் வீட்டு ஜன்னல்ல வெயில் வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்."

எங்கள் வீட்டு முன்னறையின் ஜன்னலுக்கு எதிரே ஒரு பெரிய காலி மைதானம். பயிற்சிப் பள்ளி மாணவர்கள் அங்கேதான் வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொள்வார்கள். விடுமுறை நாளிலும் அக்கா அந்த ஜன்னலில் நின்று, யாருக்கும் கேட்காத தூரத்திலிருந்து, "திருப்பு, திருப்பு, போதும், நேராக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

"கட்டிலை முன்னறைக்குத் தள்ளிப் போட்டா ஜன்னல் தெரியுமாடி?"

"குணமானதும் போட்டுக்கலாம்க்கா. இப்ப இந்தக் கடிதம் அஞ்சு மணிக்குள்ள போகணும்."

"ம்ம். அனுப்பு."

பன்னிரண்டாம் நாள் அனுமதி வந்தது. நான் நாற்காலியை விட்டுத் துள்ளினேன். ஐம்பதை நெருங்குகிறவள் சின்னப் பெண்போல் அந்த அறையில் குதித்தேன்.

"ஜெயிச்சிட்டியாடி?" என்றாள் அக்கா.

"ஜெயிச்சிட்டோம்!"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி என் கன்னத்தைத் தட்டினாள். "கெட்டிக்காரி. எங்கயும் தோக்க மாட்ட." சீப்பை எடுத்துத் தரச் சொல்லி, உதிர்ந்தது போக மிச்சமிருந்த முடியைச் சீவிக்கொண்டாள். மருந்து ஏற்ற வரும்போது அலங்கோலமாக இருக்கக்கூடாதாம்.

மருந்து அவளை என்ன பாடு படுத்தியது என்பதை எழுதக் கை வரவில்லை. வாயெல்லாம் புண். தண்ணீர் இறங்கவில்லை. குசுகுசு மறுபடியும் வந்தான். கதவருகே நின்று, "மேடம், அஞ்சு நிமிஷமாவது..." என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தம்பி, நான் எழுதின பாடத்தை எனக்கே எடுக்காதீங்க. இவ இருக்குற நிலைமையைப் பாத்தீங்கல்ல? இப்பப் போய் கேள்வி கேட்டுக்கிட்டு! நான் இவளை விட்டுட்டு ஒரு அடி நகர மாட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். மேலே யோசிக்க அன்று எனக்கு நேரமில்லை. இரண்டாம் தவணை மருந்துக்கு அனுமதி கேட்கும் வேலை இருந்தது.

இரண்டாம் தவணை தேவைப்படவில்லை. மருந்து ஏறிய ஒன்பதாம் நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, அக்கா போய்விட்டாள். அந்த அறையின் ஜன்னலில் தெரிந்தது எதிர்க் கட்டிடத்தின் குளிர்சாதனப் பெட்டிகள் மட்டும்தான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையே எல்லோரிடமும் சொன்னேன். கடைசிவரை பக்கத்திலேயே இருந்தேன், ஒரு நிமிடம் விடவில்லை, செய்யாத வைத்தியம் இல்லை. எல்லோரும் ஆமாம் என்றார்கள். உன்னைப்போல் ஒரு தங்கை யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள். அழுகைக்கு நடுவே அது எனக்குக் கொஞ்சம் பிடிமானமாக இருந்தது.

இருபது நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முடிந்த கோப்புகளில் பிரிவின் தலைமை கையெழுத்துப் போட வேண்டும். தலைமை நான்தான். மேசையில் ஒன்பது கோப்புகள் இருந்தன. எட்டில் போட்டேன். ஒன்பதாவதை எடுத்தபோது குசுகுசு எழுந்து வந்தான்.

"கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க மேடம். உள்ள பாக்க வேண்டாம்."

அவன் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. நான் பிரித்துவிட்டேன்.

வலது பக்கம் நிறைந்து வழிந்தது. 'எல்லா மருந்தையும் பாத்துடணும்.' 'என் அக்கா போராடுவா.' 'ஒரு அடி நகர மாட்டேன்.' எல்லாம் நான் சொன்னவை. சொன்ன வார்த்தையிலேயே எழுதியிருந்தான்.

இடது பக்கத்தில் மூன்று தேதிகள். மூன்றுக்கும் நேராக அவனுடைய குண்டு குண்டான கையெழுத்தில் அக்காவின் பேச்சு.

முதல் தேதி, அவளைச் சேர்த்த மறுநாள். 'தங்கச்சி வெளிய போகட்டும் தம்பி, சொல்றேன்.'

இரண்டாவது, மேல்முறையீட்டு நாட்களில் ஒன்று. 'அவ குளிக்கப் போயிருக்கா. இப்ப சொன்னா அவளுக்குத் தெரியாம கோள் சொன்ன மாதிரி ஆயிடும். அவளா எழுந்து வெளிய போகட்டும். அப்ப சொல்றேன். ஊருக்கெல்லாம் வெளிய போங்கன்னு சொல்றவ, எனக்காகவும் போவா.'

மூன்றாவது, மருந்து ஏறிய ஐந்தாம் நாள், நான் நாற்காலியில் கண்ணயர்ந்த நேரமாக இருக்கும். 'விட்டுடுங்க தம்பி. அவ போக மாட்டா. ரொம்பப் பயந்துபோயிருக்கா. இதையும் புடுங்கிட்டா அவ தாங்க மாட்டா. நான் தாங்கிக்கிறேன்.'

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பாதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது.

பிறகு நான் கத்தியது தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கும். "ஏன்யா சொல்லல? பக்கத்து மேசையில உக்காந்திருக்கியே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மென்னியப் புடிச்சு வெளிய தள்ளக்கூடாதா என்னை?"

அவன் கண் கலங்கி நின்றான். "இடது பக்கத்தை வீட்டாளுங்களுக்குக் காட்டக்கூடாதுல்ல மேடம். அவங்க சம்மதம் கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க." வலது பக்கத்தில் விரலை வைத்தான். "அந்த ரூம்ல நீங்க வீட்டாளு."

ஆமாம். அந்த அறையில் நான் வீட்டாள். நாற்காலியை விட்டு எழாத அந்தக் கணவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவன் கதவுக்கு வெளியே நின்று முறைத்தாலும் பத்து நிமிடம் நின்றான். நான் அதுகூட நிற்கவில்லை. ஊரில் எத்தனையோ பேருடைய வாயைத் திறக்க வைத்தவள், எனக்குப் பிழைப்பையே கற்றுக்கொடுத்தவளின் வாயை அடைத்துவிட்டேன். அவள் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கட்டிலை முன்னறைக்குத் தள்ளிப் போடச் சொன்னாளே. ஆனால் இதுவும் நானே நினைத்துக்கொள்வதுதான். வேறு ஏதாவது சொல்ல நினைத்தாளோ என்னவோ. அது எனக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை. போர்வைக்குள் அழுந்திய அந்தக் காலை நினைத்தால் சோறு இறங்க மறுக்கிறது. வண்டியை நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவள் பக்கத்துப் பிரேக் எதிலும் மாட்டியிருக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். போட்டுத்தானே ஆக வேண்டும்.

வேலையை விட்டுவிடலாம் என்று நான்கு நாள் யோசித்தேன். ராஜினாமாக் கடிதம்கூட எழுதினேன். ஐந்தாம் நாள் நான்காம் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு அம்மாள். மூச்சுக்குழாயில் கட்டி. படிவத்தோடு குசுகுசு முன்னே போனான், நான் பின்னால் போனேன். கட்டிலில் அந்த அம்மாள். பக்கத்தில் முப்பது வயதில் மகள், ஒரு கையில் போன், மறு கையில் காகிதக் கட்டு. கண்ணில் தூக்கமில்லை.

வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. குசுகுசுதான் சொன்னான். "ஒரு பத்து நிமிஷம் வெளியே இருக்கீங்களாம்மா?"

"எதுக்கு? நான் இவங்க பொண்ணுங்க. அம்மாவுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "நான் இவங்களை விட்டு நகர மாட்டேன்."

கட்டிலில் இருந்த அம்மாள் மகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

நான் போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்த காகிதக் கட்டை வாங்கி மேசையில் வைத்தேன். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"தெரியும்மா. உனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். "இருந்தாலும் வா. நானும் வெளிய வர்றேன். ரெண்டு பேரும் உக்காந்திருப்போம்."

என்ன நினைத்தாளோ, எழுந்து வந்தாள். குசுகுசு உள்ளே இருந்து கதவைச் சாத்தினான். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே முதலில் சத்தமே இல்லை. அப்புறம் அந்த அம்மாளின் குரல், மெதுவாக, நிறுத்தாமல் பேசிக்கொண்டே போவது கேட்டது. வார்த்தை புரியவில்லை.

"அப்படி என்னதான் சொல்றாங்க?" என்றாள் மகள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

எனக்கும் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பேச்சு முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் அக்கா என்னிடம் கேட்டது இந்தப் பத்து நிமிடம்தான்.